மெள்ள வந்த முன்னோடிகள்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பின் நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, சரியாக ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு காதலைக் கண்டுபிடித்தது. கண்டுபிடிக்கப்பட்ட இடம், ஒரு தளவாடக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இயங்கும் மாத நாவல் பதிப்பகம். இந்தத் தகவல் பதிப்பகத்தின் பொன்விழா அழைப்பிதழில் முதல் பத்தியிலேயே இருக்கிறது. வழவழப்பான தாளில் நான்கு வண்ணத்தில் அச்சானதைச் சந்தேகிக்கும் வழக்கம் நமக்கு இல்லை.

அந்த மாடியில், ஜன்னலை ஒட்டிய மேசையில் முப்பத்தொரு வருடமாக உட்கார்ந்திருந்தாள் பிழையம்மா. அது அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் அல்ல. பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. பிழை திருத்துகிற அம்மா என்பதைச் சுருக்கிச் சுருக்கி அலுவலகம் அவளைப் பிழையாகவே ஆக்கிவிட்டது. அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்க வரும் தாளுக்கு மெய்ப்பு என்று பெயர். அதில் இருக்கும் எழுத்துப் பிழைகளைத் திருத்தலாம், பொய்களைத் தொடக் கூடாது. இதுதான் அந்தத் தொழிலின் தர்மம். பிழையம்மா அதை அப்பழுக்கில்லாமல் கடைப்பிடித்தாள். பெரும்பாலான பொய்கள் அவளே எழுதியவை என்பதால் தொடுவதற்கு மனமும் வரவில்லை.

ஆம், எழுதியவளும் அவள்தான். அவள் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம், ஒரு பிரபல நாவலாசிரியர் கதாநாயகியை ரயில் மேடையில் நிற்க வைத்துவிட்டு, கடைசி இரண்டு அத்தியாயங்களைத் தராமல் தலைமறைவானார். அச்சு இயந்திரம் காத்திருந்தது. பதிப்பகத்தை நிறுவிய பெரியவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிழையம்மா மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெண்ணை ரயிலேற்றிக் கரை சேர்த்தாள். அந்த மாதம் வந்த வாசகர் கடிதங்கள் எல்லாம் கடைசி இரண்டு அத்தியாயங்களைப் பற்றியே இருந்தன.

பெரியவர் தீர்க்கதரிசி. "இனிமே நீயே எழுதும்மா. ஆனா உன் பேர் வேணாம்" என்றார்.

"ஏன் ஐயா?"

"கடல் கதைய மெய்ப்பு பாக்கறவ எழுதினான்னா யாரு வாங்குவா? மாலுமி எழுதினாத்தான் உப்புக் கரிக்கும். கதை உன் கையில, பேரு என் கையில. சரியா?"

இப்படியாகத் தமிழில் காதல் எழுதிய முதல் மாலுமி பிறந்தார். அடுத்த வருடம் ஒரு தீவுத் தாதி பிறந்தார். பிறகு இளம் விதவை ஒருவர், சிறையிலிருந்து விடுதலையானவர் ஒருவர், சர்க்கஸில் கம்பி மேல் நடந்தவர் ஒருவர், பார்வையற்ற வயலின் ஆசிரியை ஒருவர், ராணுவ மருத்துவர், கலங்கரை விளக்கக் காவலர் என்று எட்டுப் பேர் ஆனார்கள். ஒன்பதாவது பேருக்குப் பெரியவரிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது. பின்னட்டையில் 'தன்னைப் பற்றி எதுவும் கூற விரும்பாதவர்' என்று போட்டார். அவருக்குத்தான் வாசகர் கடிதம் அதிகம்.

இவர்களுடைய சாதனைகளைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பாவம். காதல் கதையில் முதன்முதலாகக் கதாநாயகிக்கு மூக்குக்கண்ணாடி போட்டவர் அந்தத் தாதி. அதைக் கடைசி அத்தியாயத்திலும் கழற்றாமலே கல்யாணம் செய்து வைத்தார். நாற்பத்தாறு வயதுக்காரிக்குக் காதல் கடிதம் வர வைத்தவர் விதவை. சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் கதாநாயகனை அறிமுகப்படுத்தியவர் விடுதலையானவர். அதற்கு நூற்றுப் பதினாறு ஆண்கள் கண்டனக் கடிதம் எழுதினார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு நாவல்கள். எல்லாம் ஜன்னலோர மேசையில், மெய்ப்புக் கட்டுகளுக்கு அடியில் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதப்பட்டவை.

வெள்ளிவிழா நாளில் பிழையம்மா ஒரே ஒரு தடவை வாய் திறந்து கேட்டாள். "என் பேர்ல ஒண்ணே ஒண்ணு போடுங்க ஐயா."

பெரியவர் நெகிழ்ந்து போனார். "பொன்விழா வரட்டும்மா. கட்டாயம் போடறேன்" என்று வாக்குக் கொடுத்தார். பொன்விழாவுக்கு இரண்டு வருடம் முன்பு, வாக்கையும் ரகசியத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

அவருடைய மகன் இயக்குநர் நாற்காலியில் அமர்ந்தார். நேற்றுவரை பிழையம்மாவின் மேசையில் படம் வரைந்து விளையாடிய தம்பி, இன்று 'சார்'. பொன்விழாவை உலகத் தரத்தில் நடத்த அவர் ஓர் ஆலோசகரை அழைத்து வந்தார். அந்த அம்மையாரின் துறை பன்முகம். எந்த நிறுவனத்தில் எத்தனை முகம் குறைகிறது என்பதை வட்டப் படம் போட்டுக் காட்டுவார். இந்தப் பதிப்பகத்தின் பின்னட்டைகளைப் புரட்டியதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒன்பது பேர். ஒருத்தர் மாதிரி இன்னொருத்தர் இல்ல! முப்பது வருஷம் முன்னாடியே உங்க அப்பா எப்படி யோசிச்சிருக்காரு பாருங்க."

"எங்க குடும்பத்துக்கே அப்படி ஒரு பார்வை மேடம்" என்றார் இயக்குநர்.

'காதல் கதை உலகின் ஒன்பது பன்முக முன்னோடிகள்' என்று விழாவுக்குப் பெயர் வைத்தார்கள். ஒன்பது கதைகள் கொண்ட விழா மலர் ஒன்றும் போடுவதாக முடிவாயிற்று. ஒன்பது முகவரிகளுக்கும் அழைப்பிதழ் போனது. ஒன்பதுமே 'மேற்பார்வை: பதிப்பகம்' என்ற முகவரிதான். எழுத்தாளர்களுக்கு வரும் தபால் எல்லாம் பிழையம்மா மேசைக்குப் போக வேண்டும் என்பது பெரியவர் காலத்து ஏற்பாடு. அதற்குக் காரணம் என்ன என்று யாரும் கேட்டதில்லை. ஆகவே மறுநாள் காலை ஒன்பது அழைப்பிதழ்களும் அவள் மேசையில் வந்து உட்கார்ந்தன.

அவளுக்கு அந்த மாதக் கடைசியில் ஓய்வு. இப்போது கேட்காவிட்டால் இனி எப்போதும் இல்லை. ஒன்பதையும் கையில் அடுக்கிக்கொண்டு இயக்குநர் அறைக்குள் போனாள். ஆலோசகரும் இருந்தார்.

"தம்பி... சார். இந்த ஒன்பது பேரும் நான்தான்."

இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "எவ்வளவு அழகாச் சொல்லிட்டீங்க அக்கா! நானும்தான்."

"நீங்க இல்ல சார். நான்."

"நாம எல்லாருமேதான் அக்கா. ஒவ்வொரு வாசகனுக்குள்ளயும் ஒரு மாலுமி இருக்கான்."

"எனக்குள்ள இருந்துதான் சார் அவன் வெளியிலயே வந்தான்."

"அபாரம்" என்றார் ஆலோசகர். அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, பக்கத்தில் 'ஊழியர் ஈடுபாடு: மிக நன்று' என்றும் போட்டார். பிழையம்மா ஒன்பது அழைப்பிதழோடு திரும்பி வந்தாள்.

வீட்டில் அவள் கணவர் இருந்தார். பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். கடவுளே பேருந்தில் ஏறினாலும் டிக்கெட்டைக் காட்டு என்பார். ஆனால் மாலுமி எழுதினால் வரிக்கு வரி நம்புவார். யாரிடமும் சொல்வதில்லை என்று பெரியவரிடம் செய்த சத்தியத்தால் பிழையம்மா அவரிடமும் சொன்னதில்லை. அன்று சாயங்காலமும் அவர் நாற்காலியில் சாய்ந்து, எதிர் நாற்காலியில் காலை நீட்டி, மாலுமியின் பழைய நாவல் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார்.

"மனுஷன் என்னமா எழுதறான்! ஒரு பொண்டாட்டி மனசுல என்ன இருக்குன்னு புட்டுப் புட்டு வைக்கிறான்."

"என்ன இருக்காம்?" என்று கேட்டாள் பிழையம்மா, கொடியிலிருந்து எடுத்துவந்த துணியை மடித்தபடி.

"அதெல்லாம் சொன்னாப் புரியாது. நீயும் முப்பது வருஷமாப் புத்தகத்துக்கு நடுவுலதானே கிடக்கற. ஒரு வரி எழுதியிருப்பியா?"

பிழையம்மா அவருடைய சட்டையை மடித்தாள். நான்காக மடிக்க வேண்டியதை எட்டாக மடித்துவிட்டாள்.

விழாக் குழு அடுத்த வாரம் கூடியது. இயக்குநர், ஆலோசகர், தலைமைக்கு ஒரு பேராசிரியர். இந்த ஒன்பது எழுத்தாளர்களைப் பற்றி நாற்பது ஆய்வுக் கட்டுரை எழுதியவர் அவர். அவருக்குக் கீழே இருவர் முனைவர் பட்டமும் வாங்கியிருந்தார்கள். கூட்டக் குறிப்பு எழுதப் பிழையம்மாவை உட்கார வைத்தார்கள்.

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "ஒன்பது பேரும் ஒரே ஒரு சொல்லால் பிணைக்கப்பட்டவர்கள். 'மெல்ல' என்று உலகமே எழுதுகிறது. இவர்கள் மட்டும் 'மெள்ள' என்று எழுதுகிறார்கள். மாலுமியிடம் எண்ணூறு இடம், தாதியிடம் அறுநூறு. இது தற்செயல் அல்ல. இவர்கள் ஒரு ரகசிய இலக்கிய இயக்கம். நான் இதற்கு 'மெள்ளவியம்' என்று பெயர் சூட்டியிருக்கிறேன். மாலுமிக்கும் தாதிக்கும் இடையே காதல் இருந்திருக்கவும் வாய்ப்பு உண்டு."

பிழையம்மாவுக்குப் பொறுக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தாள்.

"அது ஒண்ணும் இல்லீங்க ஐயா. மெல்லன்னா பல்லால மெல்லறதுன்னும் அர்த்தம் வருது. 'அவன் அவள் விரலை மெல்லப் பிடித்தான்'னு போட்டா, எதுக்குப் பிடிச்சான்னு படிக்கறவங்களுக்கு ஒரு திக்குன்னு இருக்கும். முத்தக் காட்சின்னா இன்னும் மோசம். அதான் 'மெள்ள'ன்னு வச்சேன்."

"வைத்தேன் என்றால்? ஒன்பது மேதைகளின் கையெழுத்துப் பிரதியில் நீங்கள் கை வைத்தீர்களா?" என்று பாய்ந்தார் பேராசிரியர்.

"கை வைக்கல ஐயா. கையெழுத்தே என்னோடதுதான்."

அவள் போய்க் கோடு போட்ட நோட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் அடுக்கினாள். அடுக்கு, இயக்குநரின் முகத்தை மறைத்தது. மாலுமி, தாதி, விதவை எல்லாரும் ஒரே கையெழுத்தில், ஒரே நீல மையில் இருந்தார்கள். ஒரு பக்கத்தில் ரேஷன் கார்டு எண் கூட எழுதியிருந்தது.

பேராசிரியர் நான்கு நோட்டைப் புரட்டினார். நாற்பது கட்டுரைகளும் இரண்டு முனைவர்களும் அவர் கண் முன்னால் வந்து போயிருக்க வேண்டும். நிமிர்ந்தபோது தெளிவாகிவிட்டார். "ஒன்பது பேரின் மூலப் பிரதிகளையும் இந்த அம்மையார் பொறுப்பாக நகல் எடுத்து வைத்திருக்கிறார். பாராட்டத்தக்க பணி."

ஆலோசகர் அவ்வளவு சுலபமாகத் தப்பிக்கவில்லை. அவர் நேர்மையானவர், நம்பிவிட்டார். நம்பியதும் கோபம் வந்துவிட்டது.

"அப்போ ஒரு மாலுமியோட அனுபவத்த, மாலுமியே இல்லாத நீங்க எழுதிட்டீங்க. எவ்வளவு பெரிய தப்பு தெரியுமா? அந்த மாலுமியோட இடத்த நீங்க பிடுங்கிட்டீங்க."

"எந்த மாலுமி மேடம்?"

"அதத்தான் கேக்கறேன். ஒருத்தர் கூட இல்லாம பண்ணிட்டீங்களே! ஒன்பது இடம். ஒன்பதுலயும் நீங்களே உக்காந்திருக்கீங்க. இது பன்முகமா? ஒரே முகம், ஒன்பது முகமூடி."

"பன்முகம்னா ஒருத்தருக்கே பல முகம்னுதானே மேடம் அர்த்தம்?" என்றாள் பிழையம்மா. தொழில் புத்தி, சொல்லைப் பிரித்துப் பார்த்துவிட்டது.

இயக்குநர் நோட்டு அடுக்குக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "அக்கா, அழைப்பிதழ் அச்சாகிப் போயிடுச்சு. ஒன்பதுன்னு போட்டாச்சு. இப்ப ஒண்ணுன்னா..."

"எனக்கு ஒன்பதும் வேணாம் சார். பொன்விழாவுக்கு என் பேர்ல ஒரே ஒரு கதை போடறேன்னு உங்க அப்பா சொன்னாரு. அத மட்டும் போடுங்க. மீதி எட்டுப் பேரும் அப்படியே இருக்கட்டும்."

"எழுத்துல ஏதாவது இருக்கா அக்கா?"

"எழுதறது என் வேலை சார். அவரு சொல்லத்தான் சொன்னாரு."

ஆலோசகர் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, உங்க பேரையே போடறதா வச்சுக்குவோம். உங்க பின்னணி என்ன? பின்னட்டைக்கு?"

"மெய்ப்புப் பாக்கறேன். வீட்டுக்காரர் இருக்காரு. முழங்கால் வலி இருக்கு."

"இதுல முன்னோடித்தனம் எங்க இருக்கு?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார் ஆலோசகர்.

கூட்டத்தின் நான்காம் தீர்மானம் பின்வருமாறு நிறைவேறியது: 'ஊழியர் ஒருவர் முன்வைத்த உண்மை விரிவாகப் பரிசீலிக்கப்பட்டது. பொன்விழாவின் பெருமைக்குப் பொருந்தாததாகக் காணப்பட்டதால், அவ்வுண்மை அடுத்த விழாவரை ஒத்திவைக்கப்படுகிறது.' அதைக் குறிப்பேட்டில் எழுதியவள் பிழையம்மா. 'பொருந்தாததாக' என்பதில் இயக்குநர் வாசகம் சொல்லும்போது ஒரு 'தா'வை விட்டிருந்தார். அதையும் போட்டாள்.

மூன்று நாள் கழித்து விழா மலரின் கடைசி மெய்ப்பு அவள் மேசைக்கு வந்தது. ஒன்பது கதைகள், ஒன்பது பெயர்கள். அவள் பேனாவின் மூடியைக் கழற்றினாள். கோபமாக இருந்தது. அழுகையாகவும் இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு கதைகளில் எத்தனையோ பெண்களை அவள் வாய் திறந்து கேட்க வைத்திருக்கிறாள். கேட்டவளுக்கெல்லாம் கிடைக்கவும் வைத்திருக்கிறாள். தான் கேட்டது மட்டும் ஒத்திவைக்கப்பட்டுவிட்டது.

பிறகு அவளுக்குத் தன் தொழில் நினைவுக்கு வந்தது. தாளில் தவறாக இருப்பதைத் திருத்துவதற்குத்தானே முப்பத்தொரு வருடமாகச் சம்பளம்? பொய்யைத் தொடக் கூடாது என்ற தர்மத்தை வேலையின் கடைசி வாரத்தில் ஒரு தடவை மீறினால் வானம் இடிந்து விழாது. முதல் கதைக்கு மேலே இருந்த மாலுமியின் பெயரைக் கோடிட்டு அடித்து, ஓரத்தில் தன் பெயரைத் தலைப்பெழுத்தோடு எழுதினாள். பெற்றோர் வைத்த பெயர். எழுதிப் பழக்கமில்லாததால் கையெழுத்து கொஞ்சம் கோணியது. அடுத்து தாதி. அடுத்து விதவை. ஒன்பது திருத்தம். கடைசித் தாளில் 'சரிபார்க்கப்பட்டது, அச்சிடலாம்' என்று கையொப்பமிட்டு அனுப்பினாள். அந்தக் கையொப்பத்துக்குப் பிறகு அச்சகத்தில் யாரும் எதையும் கேட்பதில்லை.

விழா மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையில் ஒன்பது நாற்காலிகள் காலியாக இருந்தன. முன்னோடிகள் தனிமையை விரும்புகிறவர்கள் என்று அறிவிக்கப்பட்டது. பிழையம்மா கடைசி வரிசையில், கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மாலுமியை நேரில் பார்க்கலாம் என்று அவர் நல்ல சட்டையில் வந்திருந்தார். சட்டையில் எட்டு மடிப்புத் தெரிந்தது.

சிறப்பு விருந்தினர் மலரைப் பிரித்து, பெயர்களைக் கம்பீரமாக வாசித்தார். முதல் பெயர். கைதட்டல். இரண்டாவது பெயர். கைதட்டல் கொஞ்சம் தயங்கியது. நான்காவது தடவை அதே பெயரை வாசித்தபோது அவரே நிறுத்தி, தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"ஒன்பது பேருக்கும் ஒரே பெயரா?" என்றார் ஒலிபெருக்கியில்.

இயக்குநரின் முகம் வெளுத்துவிட்டது. பேராசிரியர் எழுந்து ஒலிபெருக்கியை வாங்கினார். ஆபத்துக் காலத்தில் அறிவுதானே கை கொடுக்க வேண்டும்.

"இதுதான் மெள்ளவியத்தின் உச்சம்! தனித்தனிப் பெயரைத் துறந்து, ஒன்பது பேரும் ஓர் எளிய, யாருமற்ற, சாதாரணப் பெயரைச் சூடியிருக்கிறார்கள். வேற்றுமையில் ஒற்றுமை!"

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. ஆலோசகரும் தட்டினார். தட்டாமல் இருந்தவர் ஒரே ஒருவர்.

"அது உன் பேரு" என்றார் கணவர்.

"ஆமா."

"மாலுமி?"

"நான்தான்."

டிக்கெட் இல்லாமல் முப்பது வருடம் பயணம் செய்தவன் பிடிபட்ட மாதிரி இருந்தது அவர் முகம்.

"அந்தக் கதையில கால நீட்டி உக்காந்துகிட்டு, பொண்டாட்டிய ஒரு வார்த்தை கேக்காம இருப்பானே ஒருத்தன்..."

"நீங்கதான்."

"அவனத்தான் நான் வாய்க்கு வாய் திட்டுவேன்" என்றார் அவர். பிறகு, யாரும் பார்க்கிறார்களா என்று கூடப் பார்க்காமல், அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வீடு போய்ச் சேரும்வரை விடவில்லை.

மறுநாள் காலை, அவள் பணியின் கடைசி நாள். இயக்குநர் அவளை அழைத்தார். கோபப்படவில்லை, பெரிய மனிதர்.

"அக்கா, மண்டபத்துல சமாளிச்சாச்சு. ஆனா மலர் அஞ்சாயிரம் பிரதி இருக்கு. கடைக்குப் போகறதுக்கு முன்னாடி ஒரு திருத்தச் சீட்டு அடிச்சு உள்ள ஒட்டிடலாம். நான் எழுதியிருக்கேன். நீங்க ஒரு தடவ பாத்துக் கொடுத்திடுங்க. உங்களவிட்டா இந்த வேலைக்கு யாரு இருக்கா?"

இயக்குநரின் கண்ணில் உண்மையான பாசம் இருந்தது. பிழையம்மா சீட்டை வாங்கிப் படித்தாள். அதில் அவளுடைய பெயர் தலைப்பெழுத்தோடு, ஓர் எழுத்துப் பிசகாமல் இருந்தது. 'தவறுதலாக சேர்ந்துவிட்டது' என்ற இடத்தில் மட்டும் ஒரு 'ச்' குறைந்தது. அதைப் போட்டாள்.

"சரியா இருக்கு சார். அச்சுக்குக் கொடுத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

நாம் இந்த நிறுவனத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது. ஐம்பது ஆண்டுகளில் அதன் புத்தகங்களில் எவ்வளவோ பிழைகள் வந்தன. ஒரு நாவலில் கதாநாயகி, பெயர் மாறி அச்சானதால், மாமனாரையே மணந்துகொண்டாள். இன்னொன்றில் பதினாறு பக்கம் வெறுமையாகவே வந்தது; வாசகர்கள் அதைப் பிரிவுத் துயர் என்று எடுத்துக்கொண்டார்கள். எதற்கும் நிறுவனம் வருத்தம் தெரிவித்ததில்லை. அரை நூற்றாண்டில் அது பகிரங்கமாக ஒப்புக்கொண்டு, வாசகர்களிடம் மன்னிப்புக் கேட்டு, சீட்டு அடித்து ஒட்டிய அச்சுப்பிழை ஒன்றே ஒன்றுதான்: எழுதியவளின் பெயர்.